குளிர் வாங்க வருவோரும் குளிரில் வாடுவோரும்

சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்கு ஏறும் பாதைகளெல்லாம் அடைபட்டுவிடும். கொழும்பின் வெக்கைக்குத் தப்பி வருவோர் ஒரு சாரார். யாழ்ப்பாணத்துப் புழுதியையும் மட்டக்களப்பு வெயிலையும் நான்கு நாட்களுக்கு மறந்திருக்க வருவோர் மற்றொரு சாரார். கடல் கடந்து வரும் வெள்ளையரும், தமிழகத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வரும் யாத்திரிகரும் இன்னொரு சாரார். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரெகரி ஏரியில் படகோட்டம், விக்டோரியாப் பூங்காவில் உலா, இத்தனையும் முடித்து இறங்குவோரைக் கேட்டுப் பாருங்கள். "சொர்க்கம், ஐயா, சொர்க்கம்!" என்பார்கள்.

யாருடைய சொர்க்கம்? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

உழைத்துக் களைத்தவன் ஓய்வெடுக்கச் செல்வதை நாம் குறைகூற வரவில்லை. ஆசிரியரும் வைத்தியரும், வயலில் வருடம் முழுவதும் குனிந்து நிமிர்ந்த விவசாயியும், மனைவி மக்களோடு குளிர்ந்த மலையில் நான்கு நாள் தங்குவதில் என்ன தவறு? தவறு வேறிடத்தில் இருக்கிறது. அந்த மலையை மலையாக மட்டும் பார்த்துவிட்டு, அதில் வாழும் மனிதனை மரம் செடி கொடியோடு சேர்த்து எண்ணிவிட்டுத் திரும்புகிறார்களே, அங்கேதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு, "சுற்றுலாதான் இனி மலையகத்தின் விடிவு" என்று மேடைதோறும் முழங்குவோருடையது. அந்த முழக்கத்தை இன்று சற்று உரைத்துப் பார்ப்போம்.

நுவரெலியா ஓய்விடமானது எவ்வாறு? 1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கில வைத்தியர் அந்தச் சமவெளியைக் கண்டு எழுதினார். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கே மாளிகை கட்டினார். 1848இல் சாமுவேல் பேக்கர் குடியேறி அதனை ஒரு குட்டி இங்கிலாந்தாக்க முயன்றார். தேசாதிபதி கிரெகரி 1873இல் ஏரியை உண்டாக்கினார். 1876இல் 'ஹில் கிளப்' எழுந்தது. அதன் வாயிலில் நெடுங்காலம் இந்நாட்டவனுக்கு இடமில்லை. 1889இல் 'கோல்ப்' மைதானம், 1894இல் செங்கல் தபாற்கந்தோர், 1897இல் மகாராணியின் பெயரால் பூங்கா. வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த ஆண்டுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கின்றன.

அதே ஆண்டுகளில் வேறொரு பயணமும் நடந்தது. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் சேலத்திலும் பஞ்சம் துரத்த, கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பி, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள் நம்மவர்கள். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடை. கொள்ளைநோயும் காய்ச்சலும் பசியும் காட்டு விலங்கும் கொண்டுபோனவர் எண்ணிறந்தோர். பிழைத்து வந்தவர் கோப்பி நட்டனர். கோப்பியை நோய் தின்ற பின்னர், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலையை இந்த மலைகள் முழுவதும் விரித்தவர்களும் அவர்களே. இன்று பயணி கமராவைத் தூக்கிப் பிடித்து 'இயற்கை அழகு' என்று வியக்கிறானே, அந்தப் பச்சைக் கம்பளம் இயற்கை செய்ததன்று. ஒவ்வொரு செடியும் ஒரு கை நட்ட செடி. ஒவ்வொரு வரிசையும் ஒரு முதுகு வளைந்த வரிசை. இயற்கை விட்டிருந்தால் அங்கே அடர்ந்த காடல்லவா நின்றிருக்கும்?

2023இல் அந்த இருநூறு ஆண்டுகளை நினைந்து, மலையக மக்களும் அவர்தம் நண்பரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை இறுதியில் தொடங்கி ஓகஸ்ட் நடுப்பகுதி வரை, மூதாதையர் வந்த வழியே, நாட்கணக்கில் நடந்தார்கள். மலைக்கு வாகனத்தில் ஏறும் நம்மவருள் அந்த நடைபயணத்தைப் பத்திரிகையில் படித்தாவது அறிந்தவர் எத்தனை பேர்?

பழமையைப் போற்றுவது நன்று. 1894இல் கட்டிய அந்தத் தபாற்கந்தோரை விடுதியாக்கக் கொடுக்கப்போகிறார்கள் என்றதும், 2023 நவம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நாட்டின் உடைமை கைமாறக் கூடாது என்ற அவர்களது எதிர்ப்பு நியாயமானது. நாமும் அதனை வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கட்டடத்தின் வயதுக்கு ஈடான வயதுள்ள கட்டடங்கள் அதே மாவட்டத்தில் ஆயிரமாயிரம் உண்டு. அவற்றுக்கு லயம் என்று பெயர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், முதுகோடு முதுகு ஒட்டிய இன்னொரு வரிசை. அதற்குள் தாத்தாவும் பாட்டியும், மகனும் மருமகளும், படிக்கும் பிள்ளையும் பால்குடிப் பிள்ளையும். தகரத்தில் துளை விழுந்தால் பழுதுபார்க்கத் தோட்டத்து நிர்வாகத்தின் தயவு வேண்டும்.

இதிலொரு விசித்திரம் பாருங்கள். றம்பொடைப் பகுதியில் ஒரு தோட்டத்தில், பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் திறந்தார்கள். உரலும் அம்மியும், கூடையும் கவ்வாத்துக் கத்தியும், கங்காணி காலத்துப் பற்றுச்சீட்டும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதைச் செய்தவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மலைக்குப் போவோர் ஏரிக்கரைக்குப் போகுமுன் அங்கே போகவேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம்: அருங்காட்சியகத்தில் வைக்கத் தக்க பழம்பொருள் என்று ஒப்புக்கொண்ட பின்னரும், அதே போன்ற அறைகளில் உயிருள்ள மனிதரைக் குடிவைத்திருக்கும் நாடு உலகில் வேறெங்கேனும் உண்டா?

இனி, படத்துக்கு வருவோம். இலங்கையைப் பற்றிய சுற்றுலா விளம்பரம் எதையேனும் எடுத்துப் பாருங்கள். கடற்கரை ஒன்று, யானை ஒன்று, சிகிரியா ஒன்று. நான்காவதாகக் கொழுந்துக் கூடை தலையில் தொங்கச் சிரிக்கும் ஒரு பெண். பெயரில்லாத பெண். அவளது சிரிப்பு விலைப்படுகிறது. விலையில் அவளுக்குப் பங்கில்லை. கொழுந்து பறிப்பவளைப் போலச் சேலை கட்டி, கூடை மாட்டி, அரைமணி நேரம் பறித்துப் பார்க்கும் 'அனுபவத்தை' விருந்தினருக்கு விற்கும் விடுதிகளும் உண்டு. அரைமணி நேரம்! காலையில் பெரட்டுக்களத்துக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பப்படும் அச்சமும், அட்டைக் கடியும், நனைந்த படங்கு இடுப்பில் கனக்கும் கனமும், மாலையில் தராசு காட்டும் எண்ணும் அந்த அனுபவத்தில் சேருமா? பதினெட்டு கிலோ, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வரையறை. அது குறைந்தால் அன்றைய பேர் அரைப்பேர். விருந்தினருக்கு அரைப்பேர் போட்டுப் பாதி அறையில் படுக்கச் சொன்னால் அன்றோ அனுபவம் முழுமை பெறும்!

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஆலை 1990களில் ஆடம்பர விடுதியாயிற்று. பழைய துரைமார் பங்களாக்கள் பல, இரவொன்றுக்கு நூற்றுக்கணக்கான டொலர் பெறும் தங்குமிடங்களாயின. ஆலை விடுதியாயிற்று, பங்களா விடுதியாயிற்று. லயம் மட்டும் லயமாகவே இருக்கிறது.

பணத்தைப் பேசாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. 2024ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் இருபது இலட்சத்துக்கு மேல். சுற்றுலா ஈட்டியது 300 கோடி டொலருக்கு மேல். அதே ஆண்டு தேயிலை ஏற்றுமதி ஈட்டியது சுமார் 140 கோடி டொலர். ஆக, தேயிலையை விற்பதைவிட இந்நாட்டைக் காட்டுவதில் இரட்டிப்பு வரும்படி. அந்தக் காட்சியின் பெரும் பகுதி மலைநாடு. மலைநாட்டின் காட்சி தேயிலை. தேயிலையின் உயிர் தொழிலாளி. இந்தச் சங்கிலியில் பணம் எந்தக் கண்ணியில் நின்றுவிடுகிறது என்பதைச் சுற்றுலா விடிவைப் பாடும் பெருமக்கள் விளக்குவார்களா?

மத்தியதரைக் கடலின் கிளையில் வெனிஸ் என்றொரு பழம்பெரும் துறைமுக நகர் இருக்கிறது. கிழக்கத்தி மிளகையும் பட்டையும் ஐரோப்பாவுக்கு விற்றுக் கொழுத்த நகரம். நம் கடற்கரைச் சரக்கின் மணத்தை அறிந்த நகரம். இன்று வேடிக்கை பார்க்க வருவோர் பெருகி, வீட்டு வாடகை ஏறி, ஊரார் ஊரைவிட்டு வெளியேறி, பழைய நகருள் வாழ்வோர் ஐம்பதினாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டனர். அந்நகரத்தார் என்ன செய்தனர்? பேருருக் கப்பல்கள் நகரின் நடுவே வருவது 2021இல் தடுக்கப்பட்டது. 2024 ஏப்ரல் முதல், நெரிசலான நாட்களில் பகல் மட்டும் வந்துபோகும் பயணியிடம் நுழைவுக் காசாக 5 யூரோ வாங்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு நாட்களைப் பெருக்கினர். கடைசி நேரத்தில் பதிவோர்க்குக் காசையும் இரட்டிப்பாக்கினர். பார்சலோனா என்னும் மற்றொரு துறைமுகத்தில், 2024 ஜூலையில், ஊரார் தெருவில் இறங்கிப் பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீரைப் பீய்ச்சியே தம் எரிச்சலைக் காட்டினர்.

அந்த 5 யூரோ, அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ 1,600 இலங்கை ரூபா. வெனிஸ் வாயிலில் அக்காசு வாங்கத் தொடங்கிய அதே ஏப்ரலில், நம் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாட்கூலி 1,000 ரூபா! அங்கே நகருக்குள் நுழைந்து பார்ப்பதற்கே கொடுக்கும் காசு, இங்கே மலையேறி நாள் முழுவதும் உழைப்பதற்குக் கிடைக்கவில்லை.

வெனிஸ்காரன் காசு வாங்கினான், நம்மவன் ஏன் வாங்கவில்லை என்று யாரேனும் கேட்கலாம். கேட்கட்டும். வெனிஸ்காரனுக்கு நகரசபை இருக்கிறது. அவன் வீடு அவன் பெயரில் இருக்கிறது. நம் தோட்டத்தானுக்கு? 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்டு மந்தையைப் பங்கிடுவது போலப் பங்கிட்டனர். எஞ்சியோரின் நாடற்ற நிலை முற்றாக நீங்கச் சட்டம் வந்தது 2003இல். வாக்குரிமை வந்த பின்னும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டக் குடியிருப்புக்குள் சபைப் பணத்தைச் செலவிட வழியில்லை என்று அதைக் காட்டியே தோட்டத்துப் பாதைகளையும் குடிநீரையும் கைவிட்டனர். அதனைத் திருத்துவதற்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. முப்பது ஆண்டுகளாக, வாக்குப் போட்ட சபையிடம் ஒரு வடிகால் கேட்க முடியாத மக்கள், பயணியிடம் வாயிற்காசு கேட்பார்களா?

தலவாக்கலைக்கு அருகே சென்கிளேயர் அருவி விழுகிறது. மேல் கொத்மலை மின்திட்டத்துக்காக அதற்கு வரும் ஆற்று நீரைத் திருப்பியபோது, அருவி வற்றினால் பயணிகள் வரமாட்டார்கள் என்ற கூச்சல் எழுந்தது. ஆகவே பகற்பொழுதில் குறிப்பிட்ட நேரம் அருவிக்கென்று நீர் விடுவதாக ஏற்பாடாயிற்று. வேடிக்கை பார்ப்போரின் கண்ணுக்காக ஆற்று நீருக்கே மணிக்கணக்கு வகுக்கத் தெரிந்த அரசுக்கு, அருவிக்கு மேலும் கீழும் உள்ள லயங்களில் குடம் தூக்கி வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு குழாய் வகுக்கத் தெரியவில்லை!

சீதா எலியவுக்கு வரும் பக்தர்களையும் விட்டுவிட முடியாது. அசோகவனம் அதுவே என்று நம்பி, இந்தியாவிலிருந்து கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். 2024 மே மாதத்துக் குடமுழுக்குக்கு அயோத்தியிலிருந்து சரயு நீரே வந்தது. நம்பிக்கையை நாம் இகழவில்லை. சிறையிருந்த ஒரு பெண்ணை எண்ணிக் கண்ணீர் விடும் நெஞ்சம் நல்ல நெஞ்சமே. ஆனால் சீதை சிறையிருந்தது ஓராண்டுக்கும் குறைவு. கோயிலைச் சூழ்ந்த மலைகளில் ஐந்து தலைமுறைப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுமன் எவனும் கணையாழி கொண்டுவரவில்லை. அந்தப் பெண்களின் முன்னோர் இராமேசுவரத்துக் கரையிலிருந்தே புறப்பட்டவர்கள் என்பதைத் தமிழகத்து யாத்திரிகர் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.

மறுதரப்பார் சொல்வதையும் கேட்போம். "கூலி உயர்ந்துவிட்டதே" என்பர். உயர்ந்தது, எப்படி உயர்ந்தது? 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் ஏறின, அது நின்றது. செப்டெம்பரில் 1,350 என்று முடிவாயிற்று. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் 1,550 என்றும், அரசு தன் பங்குக்கு வருகைக் கொடுப்பனவாக 200 தரும் என்றும் அறிவித்தனர். அதாவது, இலாபம் கம்பனிக்கு. குறை நிரப்புவது பொதுமக்களின் வரிப்பணம். மேலும், நுவரெலியாக் கடையில் ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு துண்டு 'கேக்'கும் வாங்கியவர் அன்றைய சிட்டையை எடுத்துப் பார்க்கட்டும். நாட்கூலி எவ்வளவு பெரியது என்பது அவருக்கே விளங்கும்.

"வீடு கட்டிக் கொடுக்கிறார்களே" என்பர். 2017 மே மாதத்தில் நோர்வூட் மைதானத்தில், ஏற்கெனவே ஏற்ற 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகள் தருவதாக இந்தியப் பிரதமர் அறிவித்தார். கரவொலி வானைப் பிளந்தது. அந்தப் பத்தாயிரத்துக்கான தொடக்க விழா 2024இல் நடந்தது! ஏழு ஆண்டு. இடையில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. வீடுகள் வந்த இடங்களில் மக்கள் மகிழ்கிறார்கள், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் பெரும்பகுதியினர் இன்றும் லயத்திலேயே.

"பயணி வந்தால் வேலை வருமே" என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மையின் துணுக்கு ஒன்று உண்டு. தோட்டத்து இளைஞன் சமையற்கட்டிலும் வாயிற்காவலிலும் வேலை பெறுகிறான். நானுஓயா நிலையத்தில் சிலர் வாகனம் ஓட்டுகிறார்கள். ஆனால் தன் லயத்துத் தாழ்வாரத்தில் ஒரு தேநீர்க் கடை வைக்கவோ, ஓர் அறையை ஒதுக்கிப் பயணியைத் தங்கவைக்கவோ அவனால் முடியுமா? நிலம் அவனுடையதன்று, சுவர் அவனுடையதன்று. உறுதியில்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? காணியுள்ளவனுக்குச் சுற்றுலா வியாபாரம், காணியற்றவனுக்குச் சுற்றுலா இன்னொரு கூலி வேலை, அவ்வளவே.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. புகையிரதப் பாதை தொங்கிற்று. வேடிக்கை பார்க்க வந்திருந்தவர் தம் ஊர் திரும்பினர். தோட்டத்தான் எங்கே திரும்புவான்? அதற்கு முன் 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடிற்று. மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று அறிந்த பின்னும் மக்கள் அங்கேயே கிடந்ததற்குக் காரணம் அசட்டையா? போக வேறு அங்குலமில்லை என்பதல்லவா காரணம்?

இப்போது, வடக்கிலும் கிழக்கிலும் தலைநகரிலும் வாழும் நம் வாசகரோடு சற்று நேரில் பேசவேண்டியிருக்கிறது. வக்கீல் ஐயா, வைத்தியர் ஐயா, பொறியியலாளரே, கோபிக்க வேண்டாம். விடுமுறைக்கு மலையேறுவோருள் சிலர், இறங்கும்போது "வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை பிடித்துத் தருவீரா?" என்று கங்காணியிடம் விசாரிக்கிறார்கள். கரட்டும் லீக்சும் ஒரு மூட்டை, ஸ்ட்ரோபெரி ஒரு பெட்டி, தேயிலை இரண்டு பொதி, ஏழைப் பிள்ளை ஒன்று! தமிழன் உரிமை பற்றி முழங்கும் வாயால் இப்படியும் கேட்க முடிகிறதென்றால், அந்தத் துரை செய்ததற்கும் நாம் செய்வதற்கும் வேறுபாடு என்ன?

விவசாயப் பெருமகனே, உனக்கு இது மற்றவர்களைவிட எளிதில் விளங்கும். வேலி ஒரு முழம் நகர்ந்தால் நீ நீதிமன்றம் ஏறுகிறாய். எல்லைக் கல்லுக்காக அண்ணன் தம்பி பேசாமலிருந்த கதை எந்த ஊரில் இல்லை? உன் கணக்கில் ஒரு பரப்பு பத்துப் பேர்ச். தோட்டத்து வீட்டுக்கு ஒதுக்கப்பட்டது ஏழு பேர்ச். உன் பரப்பில் முக்காலுக்கும் குறைந்த அந்தத் துண்டுக்காக, நாடு வாழ உழைத்த ஒரு சமூகம் மனுக் கொடுத்துக்கொண்டே நிற்கிறது. அந்தத் துண்டும் உறுதியோடு கைக்கு வந்தவர் சிலரே.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மலைநாட்டு விடுதிகளில் தங்குவோரிடமிருந்து, வெனிஸ் நகரத்தார் வாங்குவது போல, சட்டப்படி ஒரு சிறு காசு வாங்கப்படவேண்டும். அது கொழும்புத் திறைசேரியில் கரையாமல், அந்தந்தப் பிரதேச சபையின் வழியாகத் தோட்டக் குடியிருப்பின் குடிநீருக்கும் பாதைக்கும் நேரே செல்லவேண்டும். 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. இனித் தடை என்று சொல்ல வாயில்லை. பாதுகாப்பான நிலத்தில் வீடும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் முழு உரிமையுள்ள உறுதியும் தரப்படவேண்டும். சூறாவளியில் வீடிழந்தவரை மீண்டும் அதே சரிவில் கொண்டுபோய் வைக்கும் வேலையை எந்த அதிகாரி தொடங்கினாலும், அதைத் தடுக்க நம் வக்கீல்கள் கட்டணமின்றி வழக்குப் பேச முன்வரவேண்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அப்படிப் பேசத் தக்கவர் பலர் இருக்கின்றனர். அவர்களுள் பலர் அடுத்த சித்திரைக்கு நுவரெலியாவில் அறையும் எடுத்துவிட்டனர்.